வரியை விட்டால் ஃபாக்டரி வருமா?

கேள்வி சுருக்கமாக இது: “எங்கள் சிவகங்கை மாவட்டத்துப் பிள்ளைகள் டிப்ளமா, டிகிரி முடித்த கையோடு திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள். மானாமதுரையில் சிப்காட் இருந்தும் நாங்கள் எதிர்பார்த்த அளவுக்குக் கம்பெனிகள் வரவில்லை. இங்கே தொழில் தொடங்கினால் பத்து வருடத்துக்கு வரியே வேண்டாம் என்று அரசு அறிவித்தால் என்ன? பஞ்சாயத்துப் பங்குக்குச் சொத்து வரியையும் விட்டுக்கொடுக்கலாமே?”

விற்பனை வரிக் காலத்திலிருந்து இந்த மாதிரிச் சலுகைக் கோப்புகளோடு புழங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வரிச்சலுகைக்கு ஆள் வருவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். எப்படிப்பட்டவர்கள் வருவார்கள், எத்தனை வருடம் இருப்பார்கள், உள்ளூர்க்காரருக்கு அதில் என்ன மிஞ்சும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தவிர, நீங்கள் விட்டுக்கொடுக்கச் சொல்கிற வரி, 2017ல் ஜிஎஸ்டி வந்த பிறகு பெரும்பாலும் மாநில அரசின் கையில் இல்லை. அந்த விஷயத்துக்குப் பிற்பாடு வருகிறேன். முதலில் நமக்குப் பக்கத்திலேயே நடந்த கதை.

புதுச்சேரியில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் புதிய தொழிற்சாலைகளுக்கு ஐந்து வருட விற்பனை வரி விடுமுறை இருந்தது. அதற்கு மேல், வருமான வரிச் சட்டத்தில் பின்தங்கிய மாநிலங்கள் பட்டியலில் புதுச்சேரியும் இருந்ததால் லாபத்துக்கும் சில வருடம் வரி இல்லை. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி என்று தொழிற்பேட்டைகள் நிரம்பின. எச்சிஎல், ஏசர் போன்ற கம்ப்யூட்டர் கம்பெனிகள் அங்கேதான் பெட்டிகளைப் பூட்டின. நடந்தது என்னவென்றால், உதிரிபாகம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கும், லாரியில் புதுச்சேரிக்குப் போகும், அங்கே ஸ்க்ரூ முடுக்கி, சோதித்து, அட்டைப்பெட்டியில் போட்டு, மறுபடி சென்னைக்கே விற்பனைக்கு வரும். போக வர 300 கிலோமீட்டர் டீசல் செலவு வரிச் சேமிப்பில் ஒரு துளி. தமிழ்நாட்டு வணிகவரித் துறைக்காரர்கள் வயிறெரிந்துகொண்டிருந்த காலம் அது.

பிறகு 2003ல் உத்தரகண்ட், இமாச்சலில் அதைவிடப் பெரிய சலுகை வந்தது. எச்சிஎல் அங்கே ருத்ரபூரிலும் ஒரு ஆலை போட்டது. கம்ப்யூட்டர் பூட்டும் வேலைக்கு நான்கு மேஜை, சில சோதனைக் கருவிகள், பயிற்சி பெற்ற ஆட்கள் போதும். எந்த ஊரில் வரி குறைவோ அந்த ஊரில் கடை விரிக்கலாம். ஆனால் அதே புதுச்சேரியில் வாஷிங் மெஷின் செய்ய வந்த வேர்ல்பூலும், சோப்பும் அழகுசாதனமும் செய்ய வந்த இந்துஸ்தான் லீவரும், டயர் செய்ய வந்த எம்ஆர்எஃப்பும் வரி விடுமுறை முடிந்த பிறகும் இருந்தன. அச்சு, பிரஸ், பாய்லர் என்று தரையோடு பதித்த இயந்திரத்தை யாரும் சும்மா பிடுங்கிக்கொண்டு போவதில்லை. ஆகவே சலுகை கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் பார்ப்பது, அவர் தரையில் என்ன பதிக்கப் போகிறார் என்பதைத்தான்.

தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. வட்டியில்லா விற்பனை வரித் தள்ளிவைப்பு என்று ஒரு திட்டம். கம்பெனி வாடிக்கையாளரிடம் வரியை வசூலித்துக்கொள்ளும், ஆனால் அரசுக்குக் கட்டாது. பல வருடம் தன் கையிலேயே வைத்துப் புழங்கிவிட்டு, பிறகு அசலை மட்டும் கட்டினால் போதும். மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் தருகிற தகுதிச் சான்றிதழ்தான் அதற்கு நுழைவுச் சீட்டு. வட்டி விகிதம் உச்சத்தில் இருந்த தொண்ணூறுகளில் அது கிட்டத்தட்ட இலவசப் பணம். எல்லா மாநிலங்களும் இப்படிப் போட்டி போட்டு ஒன்றை ஒன்று காலி செய்துகொண்டிருந்ததால், 1999 நவம்பரில் அப்போதைய நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா முதலமைச்சர்களைக் கூட்டினார். 2000 ஜனவரியிலிருந்து எல்லா மாநிலங்களிலும் குறைந்தபட்ச விற்பனை வரி விகிதம், புதிதாக விற்பனை வரிச்சலுகை கிடையாது என்று முடிவானது. முடிவானதே தவிர, சலுகை நிற்கவில்லை. ‘விலக்கு’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘வரிக்குச் சமமான மானியம்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

பின்தங்கிய பகுதிக்கான இந்தச் சலுகைகள் ஓசூருக்கும் கிடைத்தன, தென் மாவட்டங்களின் பல தாலுகாக்களுக்கும் கிடைத்தன. ஓசூர் இன்று எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அசோக் லேலண்ட், டிவிஎஸ் என்று பெரிய பெயர்கள் எழுபதுகளிலேயே வரத் தொடங்கி, அவற்றுக்கு உதிரிபாகம் செய்கிற சின்னப் பட்டறைகள் தெருத் தெருவாக முளைத்தன. காரணம், பெங்களூரு 40 கிலோமீட்டரில் இருக்கிறது. மேனேஜர் பெங்களூரில் குடியிருந்துகொண்டு ஓசூருக்கு வேலைக்கு வரலாம். டூல் ரூம், இன்ஜினியர், சப்ளையர் எல்லாம் கைக்கெட்டும் தூரம். சலுகை அந்த 40 கிலோமீட்டரைத் தாண்டிவரச் செய்தது, அவ்வளவுதான். அதே சலுகையால் 400 கிலோமீட்டர் தாண்டி ஒருவரைக் கொண்டுவர முடியவில்லை.

இதற்கு நேர் எதிராக நிற்கும் உதாரணம், இமாச்சலில் இருக்கும் பத்தி (Baddi) என்ற ஊர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் வரிச்சலுகை வேலை செய்ததற்கு நம் நாட்டில் இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இமாச்சலப் பிரதேசத்தின் சோலன் மாவட்டத்தில், பஞ்சாப், ஹரியானா எல்லையை ஒட்டி பத்தி, பரோட்டிவாலா, நாலாகட் என்று அடுத்தடுத்து ஊர்கள். 2003 ஜனவரியில் மத்திய அரசு இமாச்சலுக்கும் உத்தரகண்டுக்கும் ஒரு தொகுப்பு அறிவித்தது. புதிய ஆலைக்கும், உற்பத்தித் திறனை 25 சதவீதமாவது கூட்டுகிற பழைய ஆலைக்கும் பத்து வருடம் கலால் வரி (ஆலையில் உற்பத்தியாகும் சரக்குக்கு மத்திய அரசு அப்போது போட்ட வரி) முழு விலக்கு. வருமான வரியில் முதல் ஐந்து வருடம் லாபத்துக்கு நூறு சதவீதம் கழிவு, அடுத்த ஐந்து வருடம் கம்பெனிகளுக்கு 30 சதவீதம். 2007 மார்ச்சுக்குள் உற்பத்தி தொடங்க வேண்டும் என்று முதலில் கெடு. பிறகு 2010 மார்ச் 31 வரை நீட்டினார்கள்.

இதில் மருந்துக் கம்பெனிகள் மட்டும் ஏன் அப்படிக் குவிந்தன? 2005 ஜனவரியில் மருந்துக்குக் கலால் வரி போடும் முறை மாறியது. அதுவரை ஆலையை விட்டு வெளியே வரும்போது இருக்கும் விலைக்கு வரி. அதற்குப் பிறகு அட்டையில் அச்சடித்திருக்கும் எம்ஆர்பிக்கு வரி. எம்ஆர்பியில் 40 சதவீதத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு, மிச்சத்துக்கு 16 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்ஆர்பி 100 ரூபாய் என்றால் 60 ரூபாய்க்கு வரி, அதாவது 9 ரூபாய் 60 காசு, செஸ் தனி. அந்த மாத்திரை அட்டையைப் பெரிய கம்பெனிக்காக ஒப்பந்தத்தில் செய்து கொடுக்கிற சின்ன ஆலைக்குக் கிடைப்பது 10 ரூபாய் என்று வையுங்கள். செய்கிற செலவுக்கும் கட்டுகிற வரிக்கும் வித்தியாசமே இல்லை. அதே அட்டையைப் பத்தியில் செய்தால் அந்த 9 ரூபாய் 60 காசு மொத்தமாக மிச்சம். சென்னையிலோ தானேயிலோ அகமதாபாத்திலோ அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த சிறு ஆலைக்காரர் என்ன விலை குறைத்தும் போட்டி போட முடியாது. பெரிய கம்பெனிகள் ஆர்டரை வடக்கே மாற்றின; சொந்த ஆலையும் கட்டின. கெடு முடிகிற மார்ச் மாதத்தில், கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்களோ இல்லையோ, முதல் பில்லைப் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம்.

வேலை பெருகியதா? பெருகியது. ரிதம் சௌரே என்ற பொருளாதார ஆய்வாளர் இந்த இரண்டு மாநிலங்களையும் எடுத்துச் செய்த ஆய்வு 2017ல் வெளியானது. வேலைவாய்ப்பு, உற்பத்தி, முதலீடு, ஆலைகளின் எண்ணிக்கை எல்லாமே நன்றாகக் கூடின, தொழிலாளர் கூலியும் உயர்ந்தது, செலவுக்கு ஈடான பலன் கிடைத்தது என்பது அவர் முடிவு. பக்கத்து மாநிலத்து ஆலைகள் இடம்பெயர்ந்ததற்கு அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பஞ்சாப் அரசு இதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. எங்கள் தொழிலை எல்லாம் இமாச்சல் இழுத்துக்கொண்டது என்று பஞ்சாப் முதலமைச்சராக இருந்த பிரகாஷ் சிங் பாதல் வருடக்கணக்கில் டெல்லியிடம் முறையிட்டார். என் அனுபவத்தில் இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. இருக்கிற ஆலையை யாரும் மூட்டை கட்டவில்லை. அடுத்ததாகப் போட வேண்டிய ஷெட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் போட்டார்கள். கணக்கில் அது இடம்பெயர்வாகத் தெரியாது, லூதியானாவில் வேலை தேடும் பையனுக்குத் தெரியும்.

பத்தியில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சலுகைக் காலம் முடிந்த பிறகும் அந்த ஊர் காலியாகவில்லை. சண்டிகர் ஒரு மணி நேரத் தூரம். பத்து வருடத்தில் மருந்துக்குத் தேவையான ஃபாயில், பாட்டில், அட்டைப்பெட்டி, கெமிஸ்ட், சோதனைக்கூடம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. மலை மாநிலம் என்ற பெயரில் வாங்கிய சலுகையில் பெரும்பகுதியை அனுபவித்தது மலையின் மேல் இருக்கும் கிராமங்கள் இல்லை, சமவெளியை முட்டிக்கொண்டு நிற்கும் அந்த அடிவாரப் பட்டைதான். சிர்சா ஆறு கழிவு ஏந்துகிறது, ரயில் பாதை வேலை இழுத்துக்கொண்டே கிடந்தது. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

சரி, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டில் யாரும் இந்தப் பேச்சை முடிப்பதில்லை. 2005ல் ஒப்பந்தம், 2006ல் உற்பத்தி. சுமார் 8,000 பேர் நேரடி வேலை. பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகள். விற்ற போனுக்கு அரசுக்குக் கட்டிய வரியை அரசு திருப்பித் தந்தது. முதலீட்டோடு ஒப்பிட்டால் இது அதிகம் என்று தணிக்கைத் துறையே கேள்வி கேட்டது. 2013ல் வருமான வரித்துறை 2,000 கோடிக்கு மேல் கேட்டு சொத்தை முடக்கியது. 2014ல், ஏற்றுமதி என்று காட்டிய போன்கள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று சொல்லி மாநில அரசும் சுமார் 2,400 கோடி கேட்டது. நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த வழக்குகளால் ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் விட்டுவிட்டுப் போனது. 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் கிளையும் அடுத்த மாதமே நின்றது.

சலுகை கொடுத்ததால்தான் நஷ்டம் என்று ஒரு கட்சி, வரி கேட்டு விரட்டினார்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டும் பாதி உண்மை. நோக்கியா உலகம் முழுக்கவே தொடுதிரைப் போனிடம் தோற்றுக்கொண்டிருந்தது. எந்த வரிச்சலுகையும் அதைக் காப்பாற்றியிருக்காது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அந்த மூடிய வளாகத்தை சால்காம்ப் வாங்கி 2020ல் சார்ஜர் செய்யத் தொடங்கியது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. செங்கல்பட்டு பக்கம், அதேபோல ஐபோன் செய்யும் பெகாட்ரான் வந்தது. 2020ல் மத்திய அரசு கொண்டுவந்த உற்பத்தி ஊக்கத் திட்டம் இதற்குப் பெரிய தூண்டுதல், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டம் நாடு முழுக்க ஒன்றுதானே? ஸ்ரீபெரும்புதூரைத் தேடி வந்ததற்குக் காரணம் துறைமுகம், சாலை, மின்சாரம், அப்புறம் போன் ஆலையில் வேலை பார்த்துக் கைபழகிய ஆயிரக்கணக்கான பேர். நோக்கியாவுக்குக் கொடுத்த வரிச்சலுகையில் திரும்பி வந்த வட்டி என்று ஏதாவது உண்டென்றால் அது அந்தக் கைப்பழக்கம்தான்.

இப்போது ஜிஎஸ்டி விஷயத்துக்கு வருவோம். பழைய விற்பனை வரி, சரக்கு உற்பத்தியாகிப் புறப்படுகிற மாநிலத்துக்கும் கிடைத்தது. ஜிஎஸ்டி, சரக்கு போய்ச் சேருகிற மாநிலத்துக்குக் கிடைக்கிறது. சிவகங்கையில் ஒரு ஆலை 100 கோடிக்குச் சரக்கு செய்கிறது, 18 சதவீத வரி என்று வையுங்கள். 20 கோடி தமிழ்நாட்டுக்குள் விற்கிறது. அதில் மாநிலப் பங்கான எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம், 1 கோடியே 80 லட்சம். மூலப்பொருள் வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைக் கழித்தால் அதுவும் சுருங்கிவிடும். மிச்சம் 80 கோடி மகாராஷ்டிரத்துக்கும் டெல்லிக்கும் போகிறது. அதன் வரி 14 கோடியே 40 லட்சத்தில் பாதி மத்திய அரசுக்கு, பாதி வாங்கிய மாநிலத்துக்கு. தமிழ்நாட்டுக்கு ஒரு பைசா இல்லை. அதுமட்டுமல்ல, இங்கே கட்டிய எஸ்ஜிஎஸ்டி வரவை வெளிமாநில விற்பனை வரிக்குக் கழித்துக்கொண்டால் அந்தத் தொகையை நம் அரசு மத்திய அரசுக்கு மாற்றித் தர வேண்டும். ஏற்றுமதி என்றால் கேட்கவே வேண்டாம், வரியே கிடையாது.

வராத வரியை எப்படி விட்டுக்கொடுப்பது? ஒரு மாவட்டத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி விகிதத்தைக் குறைக்கவும் மாநிலத்தால் முடியாது, விகிதம் ஜிஎஸ்டி கவுன்சிலில் முடிவாகிறது. பத்திக்காரர்களுக்கே 2017 ஜூலையோடு முழு விலக்கு போய்விட்டது. அதன் பிறகு மிச்சமிருந்த சலுகைக் காலத்துக்கு, ரொக்கமாகக் கட்டிய மத்திய ஜிஎஸ்டியில் 58 சதவீதத்தையும் ஐஜிஎஸ்டியில் (வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி) 29 சதவீதத்தையும் மத்திய அரசு பட்ஜெட்டிலிருந்து திருப்பித் தந்தது. பத்து வருடம் முழு விலக்கு என்று வாக்குக் கொடுத்தீர்களே என்று ஹீரோ மோட்டோகார்ப் உச்ச நீதிமன்றம் வரை போனது, 2022ல் தோற்றது. வருமான வரியிலும் ஊர்வாரிச் சலுகை மங்கிவிட்டது. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை நாடு முழுக்க 22 சதவீதமாகக் குறைத்துக்கொள்ள வழி செய்த பிறகு, சிவகங்கைக்கும் செங்கல்பட்டுக்கும் அதில் வேறுபாடு இல்லை.

அதனால் இன்று ‘வரிச்சலுகை’ என்று பத்திரிகையில் வருவது, பெயரளவில்தான் வரி. உள்ளே பார்த்தால் மாநில பட்ஜெட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிற ரொக்க மானியம். தமிழ்நாட்டின் 2021 தொழில் கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. சென்னையைச் சுற்றியவை ஏ. தென் மாவட்டங்கள் பலவும் சி. எஸ்ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவது, முதலீட்டில் ஒரு பங்கை மானியமாகத் தருவது, விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதம் தருவது என்று சில வழிகளில் ஒன்றைக் கம்பெனி தேர்ந்தெடுக்கலாம். சி மாவட்டத்துக்கு வந்தால் விகிதம் கூடுதல், சிப்காட் நிலத்துக்கும் விலைச் சலுகை. ஐந்து வருடம் மின்சார வரி விலக்கும் உண்டு. ஆக நீங்கள் கேட்கிற சலுகை ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. அது இருந்தும் வரவில்லை என்றால் தடை வேறு எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

அமெரிக்காவில் திமோதி பார்டிக் என்ற பொருளாதார அறிஞர் இதையே தன் வாழ்நாள் வேலையாக வைத்திருக்கிறார். சலுகை வாங்கிய கம்பெனிகளில், அந்தச் சலுகை இல்லாவிட்டால் வந்தே இருக்காது என்று சொல்லக்கூடியவை 2 முதல் 25 சதவீதம் வரைதான் என்பது அவர் மதிப்பீடு. மற்றவர்கள் எப்படியும் வரத் தீர்மானித்துவிட்டு, வருகிற வழியில் கிடைப்பதை வாங்கிக்கொண்டவர்கள். நம் ஊரிலும் மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பார்க்கிற கம்பெனிக்குத்தான் சலுகை முடிவை மாற்றும். மானாமதுரையைப் பட்டியலிலேயே வைக்காத கம்பெனிக்கு எவ்வளவு கொடுத்தாலும் காதில் விழாது.

பட்டியலில் இடம்பிடிக்க என்ன வேண்டும்? உங்கள் ஊருக்கு மதுரை பக்கம், விமான நிலையமும் எட்டும் தூரம். நான்குவழிச் சாலை இருக்கிறது, தூத்துக்குடி துறைமுகமும் தூரமில்லை. வைகையில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை என்பதால் சாயப்பட்டறையையும் காகித ஆலையையும் மறந்துவிடுங்கள். தண்ணீர் குறைவாகக் கேட்கிற, ஆள் அதிகம் கேட்கிற தொழில்தான் பொருந்தும். தோல் அல்லாத செருப்பு, ஆயத்த ஆடைத் தையல், எலக்ட்ரானிக்ஸ் பூட்டுதல், மிளகாய் சார்ந்த உணவுத் தொழில் மாதிரி. செய்யாறு பக்கம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போய்ப் பாருங்கள். வரிசை வரிசையாகக் கம்பெனி பஸ்கள் கிராமத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். அங்கே ஷூ தைக்கிற தைவான் குழுமத்தின் சரக்கு ஏற்றுமதிக்குப் போகிறது, எஸ்ஜிஎஸ்டி திருப்பித் தருவதெல்லாம் அவர்களுக்கு எதற்கும் உதவாது. அவர்களுக்கு வேண்டியது கட்டிவைத்த ஷெட், தடையில்லாத மின்சாரம், 30 கிலோமீட்டர் சுற்றளவில் வீட்டிலிருந்து வந்துபோகக்கூடிய ஆயிரக்கணக்கான பெண்கள். பெரம்பலூர் மாதிரி, பெரிய தொழில் அதிகம் இல்லாத மாவட்டத்துக்கும் செருப்புத் தொழில் வந்தது.

பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இயந்திரத்துக்குக் கொடுப்பதைவிடச் சம்பளத்துக்குக் கொடுப்பது மேல் என்பது என் கட்சி. முதலீட்டைப் பார்த்து மானியம் கொடுத்தால் அதிக இயந்திரம், குறைந்த ஆள் வைத்திருப்பவருக்கு அதிகம் போகும். ஐநூறு கோடி போட்டு முந்நூறு பேரை வேலைக்கு வைக்கிற ஆலையால் சிவகங்கை பஸ் நிலையத்தில் கூட்டம் குறையாது. மத்திய அரசு 2025 ஆகஸ்டிலிருந்து தொடங்கிய வேலைவாய்ப்புத் திட்டத்தில், கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை கிடைக்கிறது. உற்பத்தித் துறைக்கு நான்கு வருடம். நல்ல திட்டம், ஆனால் ஒரகடத்துக்கும் அதே 3,000, இளையான்குடிக்கும் அதே 3,000. சி மாவட்டமாக இருந்தால் மாநிலம் அதன் மேல் இன்னொரு 2,000 சேர்த்துத் தரட்டும் என்று உங்கள் எம்எல்ஏவைக் கேட்கச் சொல்லுங்கள். பிஎஃப் கணக்கில் ஆதாரும் ஊரும் இருக்கிறது, ஏமாற்றுவதும் கடினம். தமிழ்நாடும் சம்பள மானியம் ஒன்று வைத்திருக்கிறது: பன்னாட்டு நிறுவனங்களின் திறன் மையங்களில், மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கும் வேலைகளுக்கு முதல் வருடம் 30 சதவீதம், பிறகு 20, 10 என்று. அது யாருக்கு உதவும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தை எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். 2017ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், நம் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த அதே ஃபாக்ஸ்கானோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை. பதிலுக்குச் சுமார் 300 கோடி டாலர் சலுகை. டிரம்ப் நேரில் வந்து மண்வெட்டி பிடித்தார். பேசிய டிவி திரை ஆலை வரவேயில்லை. 2021ல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள்: 1,454 வேலை, சலுகை அதிகபட்சம் 8 கோடி டாலர். மாநில அரசு தப்பித்ததற்குக் காரணம், ஆளை வேலைக்கு வைத்த கணக்கைக் காட்டினால்தான் பணம் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. மாட்டிக்கொண்டது மவுன்ட் பிளசன்ட் என்ற சின்ன உள்ளாட்சி. அது முன்கூட்டியே கடன் வாங்கி நிலம் எடுத்து, ரோடும் தண்ணீர்க் குழாயும் போட்டுவிட்டது. பிற்பாடு அந்த நிலத்தில் மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டர் கட்ட வந்ததால் கொஞ்சம் மூச்சு விட்டது.

இதனால்தான் உங்கள் பஞ்சாயத்துச் சொத்து வரி யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனியின் மொத்தச் செலவில் சொத்து வரி தூசு, அதற்காக யாரும் ஊரைத் தேர்ந்தெடுப்பதில்லை. பஞ்சாயத்துக்கோ அதுதான் தெருவிளக்கும் குப்பை வண்டியும். ஆலை வந்தால் லாரி ஓடி ரோடு போகும், வாடகைக்குக் குடி வந்தவர்களால் தண்ணீர்த் தேவை இரட்டிக்கும். அந்த நேரத்தில் வருமானத்தை விட்டுவிட்டு நிற்கக் கூடாது.

உள்ளாட்சிக்கு வேலையோடு நேரடியாகச் சேர்ந்து வருகிற வரி ஒன்றே ஒன்றுதான், தொழில் வரி. அரசியலமைப்புச் சட்டப்படி ஒருவருக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய். தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சியே வாங்குகிறது. உச்ச விகிதத்தில் 2,000 பேர் என்றால் வருடம் 50 லட்சம் வரை. ஒரு கிராமப் பஞ்சாயத்துக்கு அது பெரிய தொகை. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆலையில் பாதிப் பேர் கான்ட்ராக்ட் ஆட்களாக இருப்பார்கள், கான்ட்ராக்டரின் ஆபீஸ் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும், தொழில் வரியும் அங்கேயே போய்விடும், அல்லது எங்குமே போகாது. கம்பெனி கட்டட அனுமதிக்கு உங்கள் பஞ்சாயத்திடம் வரும்போதே, கான்ட்ராக்ட் ஆட்கள் உட்பட வளாகத்துக்குள் வேலை பார்க்கும் எல்லாருக்கும் தொழில் வரியை இந்தப் பஞ்சாயத்திலேயே கட்டுகிறோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு, அரையாண்டுக்கு ஒருமுறை ஆட்களின் எண்ணிக்கையை ஊர்வாரியாகக் கொடுக்கவும் சொல்லுங்கள். மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கு உங்களுக்கு அதிலிருந்தே கிடைத்துவிடும்.